டானரி ரோவில் ஒரு பிரார்த்தனை

2 செப்டெம்பர் 2024, திங்கள்

இந்த நாட்குறிப்பைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் மொழிப்பற்று என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். லண்டன் ஒப்பனை அறையில் தோளுக்கு மேலால் எட்டிப் பார்ப்பவர்கள் அதிகம், தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் ஒருவரும் இல்லை. அம்மா நடத்திய சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் அழுது அழுது படித்ததற்கு எனக்குக் கிடைத்த பலன், என் ரகசியங்களை மேசையில் திறந்தபடி போட்டுவிட்டுத் தேநீர் எடுக்கப் போகலாம் என்பதுதான்.

இன்று நெஞ்செரிவு மாத்திரை விளம்பரம். வசனம் கிடையாது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பதினேழு தடவை முகம் சுளித்தேன். பதினெட்டாவது தடவை உண்மையாகவே நெஞ்சு எரிந்தது. அது மிகையாக இருக்கிறது என்று நிராகரித்துவிட்டார்கள்.

நாற்பது வருட அனுபவம் இப்படித்தான் போகிறது. எனக்கு ஒன்பது வயதில் தொலைக்காட்சிக்காரர்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து வரிசையில் நிறுத்திப் பார்த்து, கண் பெரிதாக இருக்கிறது என்று என்னைப் பிடித்துக்கொண்டு போனார்கள். புவனலோஜினி என்ற பெயர் திரையில் இடம் பிடிக்கிறது என்று லோஜி ஆக்கினார்கள். 'டானரி ரோ' தொடரில் கடைக்கார லாலின் மகளாக ஒன்பது வருடம் பால் போத்தல் அடுக்கினேன். முகத்தில் பரு வந்ததும் மேற்படிப்புக்கு லீட்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள். லீட்ஸுக்குப் போன லாலின் மகள் ஒரு விடுமுறைக்குக்கூடத் திரும்பி வரவில்லை. அதன்பின் பதினொரு தடவை தாதி, ஆறு தடவை டாக்டர், ஒரு தடவை பிணம். பிணமாகப் படுத்ததில்தான் நல்ல விமர்சனம் வந்தது.

வீட்டுக்கு வந்தால் ஏஜென்ட்டின் மின்னஞ்சல். டானரி ரோவுக்கு நாற்பது வயதாம். பழைய பகுதிகளை எல்லாம் இணையத்தில் ஏற்றுகிறார்கள். ஒரு சிறப்புப் பகுதியும் எடுக்கிறார்கள். லாலாக நடித்த கிளமென்ட் மூன்சாமியும் நானும் கடையில் மறுபடி சந்திக்கும் காட்சி. சமையலறையில் நின்று ஒரு துள்ளுத் துள்ளினேன்.

அடுத்த பத்தியைப் படித்ததும் உட்கார்ந்துவிட்டேன். பழைய பகுதிகளில் வேற்று மொழியில் பேசிய வசனங்கள் எல்லாவற்றுக்கும் இப்போது கீழே ஆங்கில வரி போடுவார்களாம். அவற்றின் பொருளை நான் எழுதித் தர வேண்டுமாம்.

3 செப்டெம்பர், செவ்வாய்

வசனங்கள் மொத்தம் இருபத்து மூன்று. 'சிறுமி தன் மொழியில் கத்துகிறாள்' என்று மட்டும்தான் எழுத்தாளர்கள் எழுதுவார்கள். என்ன கத்துவது என்பது என் பாடு. லால் என்று குடும்பப் பெயர் வைத்தவர்களுக்கு அந்தக் குடும்பம் எந்த ஊர் என்று கடைசிவரை தெரியாது. நான் ஏழாம் வாய்ப்பாட்டைக் கத்தினேன். வீட்டுக்கு வாங்க வேண்டிய மரக்கறிகளைச் சொன்னேன். ஒரு தடவை அழுதுகொண்டே இயக்குநரின் மூக்கைப் பற்றி இரண்டு வரி சொன்னேன். மிகவும் உருக்கமாக இருந்தது என்று அவர் என் தலையைத் தடவினார்.

இருபத்திரண்டுக்குச் சிரித்துக்கொண்டே பொருள் எழுதிவிடலாம். மிச்சம் ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் இன்று காலையிலிருந்து அடுப்புத் தட்டைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.

கிளமென்ட் கயானாக்காரர். அவருடைய பாட்டனாரின் தகப்பன் முனுசாமி மதராசிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறியவர். நாலு தலைமுறையில் பெயர் மூன்சாமியானது, தமிழ் முழுதாகப் போய்விட்டது. 1985 நவம்பரில் தொடரில் அவருடைய மகன் ராஜு மோட்டார் சைக்கிளில் அடிபட்டுச் செத்தான். ராஜுவாக நடித்தவனுக்குச் சினிமாவில் இடம் கிடைத்திருந்தது. சவப்பெட்டிக்கு முன்னால் தகப்பன் 'தன் மொழியில் பிரார்த்திக்கிறார்' என்று எழுதியிருந்தது. கிளமென்ட் முந்திய நாள் என்னிடம் வந்து, உன் அம்மாவிடம் கேட்டு ஒரு நல்ல பிரார்த்தனை எழுதி வா, எனக்கு அது முக்கியம் என்றார்.

நான் மறந்துவிட்டேன். பத்து வயது. மறுநாள் காலை ஒப்பனை நாற்காலியில் இருந்தபடி அவர் கையை நீட்டினார். மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அன்று காலை என்னைச் சீக்கிரம் குளிக்கச் சொல்லிக் குளியலறையில் அம்மா கத்தியதுதான் வாயில் வந்தது. எங்கள் வீட்டில் வெள்ளைக்காரன் கட்டிய குளியல் தொட்டிக்குள்ளே வாளியை வைத்துக் கோப்பையால் அள்ளிக் குளிப்பதுதான் வழக்கம்.

"தண்ணி ஆறுது பிள்ளை, கெதியா வந்து குளி."

ஒரு மணி நேரம் அதை உருப்போட்டார். ஒவ்வொரு எழுத்துக்கும் என்னிடம் உச்சரிப்புக் கேட்டார். பிறகு பெட்டியின் மேல் கையை வைத்து, கண்ணை மூடி அதைச் சொன்னார். நாட்டில் பாதி அழுதது. அந்த வருடத்தின் சிறந்த நடிகர் விருது அவருக்குத்தான். ஒரு பத்திரிகை 'தொன்மையான மந்திரம்' என்று எழுதியது. நாங்கள் இருந்த டூட்டிங்கில் ஒவ்வொரு தமிழ் வீட்டிலும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. என் தொடையில் நன்றாக ஒரு கிள்ளுக் கிள்ளினா.

கிளமென்டின் மனைவி ஐரிஸின் அடக்கத்தன்று நடந்ததை எழுத இப்போது நேரமில்லை. மெஷினில் துணி கிடக்கிறது.

5 செப்டெம்பர், வியாழன்

அனுப்பிவிட்டேன். இருபத்து மூன்றாவதற்கு, 'மகனே, நீ போகும் வழியெல்லாம் ஒளி இருக்கட்டும்' என்று எழுதினேன். எழுதும்போதே கண் கலங்கியது. என் நடிப்பை நானே நம்புவது இதுதான் முதல் தடவை.

9 செப்டெம்பர், திங்கள்

தோர்ன்டன் ஹீத்தில் கிளமென்ட் வீட்டுக்குப் போனேன். எண்பத்தெட்டு வயது. சட்டையை மேல் பொத்தான் வரை பூட்டி, தலை வாரி, நான் வருவதற்காகத் தயாராகி உட்கார்ந்திருந்தார். நான் அவரை அப்பா என்றுதான் கூப்பிடுவேன். தொடரில் தொடங்கியது, பிறகு நிற்கவில்லை. என்னைப் பெற்ற அப்பா நான் ஆறு வயதாக இருந்தபோது போய்விட்டார். அந்தச் சொல்லால் கூப்பிட எனக்கு வேறு யாரும் இல்லை.

சிறப்புப் பகுதியின் எழுத்துப் பிரதி அவருக்கும் வந்திருந்தது. கடைசிக் காட்சியில் 'தகப்பன் மகளிடம் தன் மொழியில் ஏதோ சொல்கிறார்' என்று இருக்கிறது. நாற்பது வருடத்தில் அவர்கள் திருத்தியது எழுத்துருவை மட்டும்தான். எனக்கு ஒரு புது வரி சொல்லித் தா என்றார். ஒரு வரியோடு முப்பத்தொன்பது வருடம் ஓட்டிவிட்டேன், இரண்டாவது வேண்டும் என்றார். பேரப்பிள்ளைகளுக்கெல்லாம் அந்த முதல் வரியைச் சொல்லிக் கொடுத்திருக்கிறாராம். கோபாலபுரமோ கும்பகோணமோ, முனுசாமி எந்த ஊரிலிருந்து வந்தார் என்பது தெரியாமல் போனாலும் அவருடைய பேச்சில் ஒரு வரி வீட்டில் இருக்கிறதே என்றார்.

பிறகு அவரை என் காரில் கடைக்குக் கூட்டிப்போய்த் திரும்பும்போது பெற்றோல் நிலையத்தில் நிறுத்தச் சொன்னார். கல்லாவில் இருந்தவர் நம் ஆள். கிளமென்ட் கையைக் கூப்பி, தண்ணி ஆறுது பிள்ளை என்று முழுதாகச் சொன்னார். அந்த மனிதர் ஒரு கணம் அவரைப் பார்த்தார், பிறகு "ஓம் ஐயா, வாறன் ஐயா" என்று மரியாதையாகச் சொல்லி மிச்சத்தைக் கொடுத்தார். தமிழர்களின் மரியாதை முப்பத்தொன்பது வருடமாக என்னைக் காப்பாற்றி வருகிறது.

14 செப்டெம்பர், சனி

ஆர்த்திகா என்று ஒரு பெண் போன் செய்தாள். வயது இருபத்தாறு. என் மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கத் தொடர்க்காரர்கள் வைத்திருக்கும் ஆள். இப்படி ஒருத்தியை வைப்பார்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. எங்கள் காலத்தில் எழுத்துக்கூட்டக்கூட ஆள் இருக்கவில்லை.

"அக்கா, இருபத்திரண்டும் சரி. அந்த மூக்கு வசனம் சுப்பர். ஆனா கடைசி... நீங்கள் எழுதினதுக்கும் அவர் சொல்லுறதுக்கும் சம்பந்தமே இல்லையே."

அது பழைய வழக்குத் தமிழ் என்றேன். அவள் சிரிக்காமல் இருக்க மிகவும் கஷ்டப்பட்டாள் என்று நினைக்கிறேன்.

"அக்கா, எங்கட அம்மா என்னைக் குளிக்கக் கூப்பிடுறதே அந்த லாலின்ர குரலிலதான். நான் பிறக்க முந்தியே எங்கட வீட்டில இது பகிடி."

பொய்யான வரியில் தன் பெயரைப் போட முடியாது என்றாள். ஆனால் நான் முதலில் அவரிடம் சொல்லட்டும் என்று மாத முடிவுவரை காத்திருப்பாளாம். பகுதி வெளியான பிறகு ஊரார் வாயால் அவர் கேட்கக் கூடாது என்றாள். எனக்கு இருபத்தாறு வயதில் இவ்வளவு நிதானம் இருந்ததில்லை. எனக்கு அப்போது ஒரு குழந்தைகள் நிகழ்ச்சியில் கரட் வேஷம்.

15 செப்டெம்பர், ஞாயிறு

அம்மாவிடம் சொன்னேன். பயறு புடைத்துக்கொண்டே கேட்டா. ஆறுதலாக ஏதாவது சொல்வா என்று எதிர்பார்த்தது என் பிழை.

"அண்டைக்கே நான் சொன்னனான், போய் மன்னிப்புக் கேளெண்டு. நீ கேட்டனீயே? இப்ப கிழவியாகிப் போய் நிக்கிறாய். போய்ச் சொல்லு. நீ சொல்லாட்டி நான் சொல்லுவன்."

அம்மாவின் ஆங்கிலத்தில் சொன்னால் அவருக்குப் புரிய இன்னும் முப்பத்தொன்பது வருடம் எடுக்கும். ஆனாலும் பயமாக இருக்கிறது.

16 செப்டெம்பர், திங்கள்

சொல்லவில்லை. அவருக்குப் பல் டாக்டர்.

17 செப்டெம்பர், செவ்வாய்

சொல்லவில்லை. எனக்குத் தொண்டை கரகரப்பு. தலைமுடிக்குச் சாயம் பூசினேன். உறையில் போட்டிருந்த பெண்ணின் தலைக்கும் என் தலைக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

18 செப்டெம்பர், புதன்

எழுதியே ஆக வேண்டும் என்றால் எழுதுகிறேன்.

2011 மார்ச். ஐரிஸின் அடக்கம். படப்பிடிப்பு நாட்களில் எனக்கும் சேர்த்துச் சாப்பாடு கட்டிக் கொடுத்து அனுப்பியவள். அடக்கத்தில் பாதிரியார் பேசி முடித்தார். பெட்டியை இறக்கிவிட்டார்கள். எல்லோரும் போகத் திரும்பியபோது கிளமென்ட் மட்டும் குழிக்கு அருகே போய் நின்று, கண்ணை மூடி, தன்னிடம் இருந்த அந்த ஒரே வரியைச் சொன்னார். நடிக்கவில்லை. பிறகு மண் அள்ளிப் போட்டார்.

ஐரிஸைப் பார்த்துக்கொண்ட தாதி ஒருத்தி என் பக்கத்தில் நின்றாள். யாழ்ப்பாணத்துப் பெண். திரும்பி என்னைப் பார்த்தாள். நான் என் சப்பாத்தைப் பார்த்தேன். புதுச் சப்பாத்து, சேறு பட்டிருந்தது. எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. பத்து வயது இல்லை.

22 செப்டெம்பர், ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

முதலில் அவருடைய பேரனின் பரீட்சையைப் பற்றி விசாரித்தேன். பிறகு மழையைப் பற்றி. பிறகு நாற்காலியைத் திரும்பவும் மேசைக்குக் கிட்ட இழுத்துப் போட்டேன். உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். ஒரே மூச்சில் சொன்னேன்.

அவர் சிரிப்பார் என்றுதான் உள்ளுக்குள் நம்பிக்கொண்டு போயிருந்தேன். அவர் சிரிக்கவில்லை. அந்த வரியை மெதுவாகச் சொல்லச் சொன்னார். இதில் எது தண்ணீர் என்று கேட்டார். எது குளிப்பு என்று கேட்டார். பிள்ளை என்றால் குழந்தையா என்று கேட்டார். ஓம் என்றேன். எழுந்து போய், கழுவி வைத்திருந்த கோப்பைகளை மறுபடி கழுவினார். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

அவர் பேசுவது ஆங்கிலம்தான். ஆனால் அவர் பிறகு சொன்னது என் மண்டைக்குள் எங்கள் வீட்டுப் பேச்சில்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

"பத்து வயசில நீ செய்ததுக்கு எனக்கு உன்னில கோவம் இல்லை. முப்பத்தாறு வயசில அந்தக் குழிக்குப் பக்கத்தில நிண்டனி. அப்ப ஏன் வாய் திறக்கேல்ல?"

பதில் இருந்தது. உங்களை இழந்துவிடுவேன் என்ற பயத்தில்தான் திறக்கவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். வாழ்நாள் முழுவதும் யாரோ எழுதிக் கொடுத்த வரிகளைச் சொன்னவளுக்குத் தன் வரி ஒன்று வரவில்லை. அவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். குடையை அங்கேயே விட்டுவிட்டு நனைந்துகொண்டு தெருமுனையில் விட்டிருந்த காருக்கு நடந்தேன். படம் எடுத்திருந்தால் நன்றாக வந்திருக்கும்.

24 செப்டெம்பர், செவ்வாய்

போன் எடுக்கவில்லை.

27 செப்டெம்பர், வெள்ளி

எடுக்கவில்லை. மீன் கறியில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டேன்.

30 செப்டெம்பர், திங்கள்

அவருடைய மகள் எடுத்தாள். அப்பா தூங்குகிறார் என்றாள். பின்னால் அவர் இருமுவது கேட்டது.

சொந்த மகள் 'அப்பா' என்று சொல்லும்போது எனக்கு எப்போதும் சின்னப் பொறாமை வரும். இன்று பொறாமைப்படக்கூட உரிமை இல்லாதது போல இருந்தது. தெருமுனைக் கடையில் ஒரு பெண் என்னை அடையாளம் கண்டு நெஞ்செரிவு இப்போது எப்படி என்று கேட்டாள். குறையவில்லை என்றேன்.

2 ஒக்டோபர், புதன்

ஆர்த்திகா கூப்பிட்டாள். கிளமென்ட் அவளுக்குத் தானே போன் செய்தாராம். அந்த வரிக்கு உண்மையான பொருளையே போட வேண்டும், ஒரு சொல்லும் மாற்றக் கூடாது என்றாராம். பிறகு ஒவ்வொரு சொல்லாக அவளைக் கேட்டு எழுதிக்கொண்டாராம்.

"என்னைப் பற்றி ஏதும் சொன்னவரோ?"

"இல்லை அக்கா."

கடைசிக் காட்சிக்குப் புது வரி எழுதித் தரட்டுமா என்று அவள் கேட்டதற்கு, வேண்டாம், என்னிடம் இருக்கிறது என்று போனை வைத்துவிட்டாராம். என்ன வரி என்று அவளுக்கும் தெரியாது. படப்பிடிப்புக்கு எட்டு நாள் இருக்கிறது. நடிக்க வரமாட்டேன் என்று சொல்லாமல் விட்டாரே, அதை நினைத்துக்கொண்டு இருக்கிறேன்.

10 ஒக்டோபர், வியாழன்

படப்பிடிப்பு முடிந்தது. இப்போதே எழுதிவிடுகிறேன்.

கடையை அப்படியே திரும்பக் கட்டியிருந்தார்கள். தொங்கவிட்டிருந்த வாழைப்பழம் மட்டும் பிளாஸ்டிக். கிளமென்ட் கைத்தடியோடு வந்தார். சக நடிகைக்குத் தலையசைப்பது போல எனக்குத் தலையசைத்தார். நானும் அசைத்தேன். இரண்டு பேரும் நல்ல நடிகர்கள்.

முதல் பாதி சரியாகப் போனது. அவர் பழைய மாதிரியே, பதினைந்து வருடம் அவரைப் பேச வைத்த அந்த இந்திய உச்சரிப்பில் பேசினார். தலையைக்கூட அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஆட்டினார். எந்த இந்தியனும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. பிறகு அந்த இடம் வந்தது. தகப்பன் மகளிடம் தன் மொழியில் ஏதோ சொல்கிறார்.

கைத்தடியைக் கல்லாவில் சாய்த்தார். தலையாட்டம் நின்றது. உச்சரிப்பைக் கழற்றி வைத்துவிட்டார். என் முகத்தைப் பார்த்து, நான் அவர் வாயில் ஒருபோதும் கேட்டிராத ஒரு பேச்சில் பேசத் தொடங்கினார். அது கயானாவில் பெர்பீஸ் ஆற்றங்கரைப் பேச்சு. ஆங்கிலம்தான், ஆனால் இங்கிலாந்தில் ஒருவருக்கும் பிடிபடாத ஆங்கிலம். சொற்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு ஓடின. ஒரு நிமிடத்துக்குக் குறையாது. திட்டுவது போல இருந்தது. இடையில் கெஞ்சுவது போல இருந்தது. ஓர் இடத்தில் ஐரிஸின் பெயர் வந்தது. ஓர் இடத்தில் என் பெயர் வந்தது, லோஜி இல்லை, புவனலோஜினி என்று முழுதாக. அந்தப் பெயரை அவர் எங்கே பிடித்தார் என்று தெரியவில்லை. எனக்கு விளங்கியது அந்த இரண்டு பெயர்களும்தான். முடிக்கும்போது என் தாடையை ஒரு விரலால் நிமிர்த்தினார்.

எனக்கு அடுத்து ஒரு வரி இருந்தது. மறந்துவிட்டேன். என் கண்ணில் தண்ணீர் வர வைக்க எப்போதும் மருந்துத் துளி விட வேண்டும், அந்தத் துறையில் எனக்கு நல்ல பெயர் உண்டு. இன்று மூக்கும் சேர்ந்து ஓடியது. துடைக்க ஒன்றும் இல்லாமல் கடைச் சாமான் தட்டிலிருந்த கடதாசித் துவாயைப் பிய்த்தேன்.

இயக்குநர் முப்பது வயதுப் பையன். அது தமிழா என்று ஆர்த்திகாவைக் கேட்டார். இல்லை என்றாள். என்னைக் கேட்டார். இல்லை என்றேன். கிளமென்ட் கைத்தடியை எடுத்துக்கொண்டு, எழுத்துப் பிரதியில் தன் மொழியில் என்றுதான் இருக்கிறது, இதுதான் என் மொழி, நாற்பது வருடத்தில் நீங்கள் யாரும் கேட்கவில்லை என்றார். யாரோ கைதட்டினார்கள். மறுபடி எடுக்க வேண்டாம் என்று முடிவாகியது.

ஆர்த்திகா குறிப்புக் கொப்பியைத் திறந்து, கீழே போட வேண்டிய ஆங்கில வரியைச் சொல்லுங்கள் என்று அவரிடம் கேட்டாள். அவர் கண்ணை மூடினார். விருது வாங்கிக் கொடுத்த அதே முகம். ஒரு தொன்மையான மந்திரத்தைச் சொல்வது போல நிதானமாகச் சொன்னார்: 'மகளே, நீ சுகமாக இருக்க வேண்டும்.' அவ்வளவுதான். ஒரு நிமிடப் பேச்சுக்கு ஐந்தே ஐந்து சொல்.

ஆர்த்திகா என் காதுக்குள் வந்தாள்.

"அக்கா, அவர் அவ்வளவு நேரம் கதைச்சவர். இவ்வளவுதானோ?"

"அப்பிடியே எழுதும், பிள்ளை," என்றேன்.

காரில் அவரைக் கொண்டுபோய் விடும் வேலையை நானே கேட்டு வாங்கினேன். சிக்னலில் நிற்கும்போது, முப்பத்தாறு வயதில் சொல்லியிருக்க வேண்டியதைச் சொன்னேன். உங்களை இழந்துவிடுவேன் என்று பயந்துதான் வாய் திறக்கவில்லை, எனக்கு வேறு அப்பா இல்லை என்றேன். எழுத்துப் பிரதி இல்லாமல் சொன்னதால் கொஞ்சம் தடுமாறியது. அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, பச்சை விழுந்துவிட்டது, வண்டியை எடு என்றார்.

அவர் வீட்டு வாசலில் இறங்க உதவினேன். கைத்தடியை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கேட்டேன்.

"அப்பா, உண்மையா நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

அவர் படியில் ஏறி நின்று, திரும்பி, மிகவும் அன்பாக என்னைப் பார்த்தார்.

"முப்பத்தொன்பது வருசம் கழிச்சுச் சொல்லுறன்," என்றார்.

கணக்குப் பார்த்தேன். அப்போது அவருக்கு நூற்று இருபத்தேழு வயது, எனக்கு எண்பத்தெட்டு. என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி பெர்பீஸில் பிறந்த ஒரு அம்மா இருக்கிறா. ஆர்த்திகாவின் போனில் ஒலிப்பதிவும் இருக்கிறது. ஒரு கதவைத் தட்டினால் போதும், பத்து நிமிட வேலை.

தட்டப் போவதில்லை. சரி அப்பா, அதுவரைக்கும் இருப்பம், என்று சொல்லிவிட்டு வந்தேன்.